உடுத்துபவரின் வழக்கமே அளவுகோல்

கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். கணவருடைய பழைய சட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் மகன் போட்டுக் கழித்ததாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சை பந்தலில் படர்வது. கொடி தலைக்கு மேலே கிடக்கும். கவாத்துக்குப் பிறகு துளிர் ஒடிப்பது, இலை கிள்ளுவது, கொத்திலிருந்து அழுகிய பழத்தை நீக்குவது, குலை வெட்டுவது என எல்லாமே அண்ணாந்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு செய்கிற வேலை. கையைத் தூக்கினால் முந்தானை விலகும், இடுப்பு தெரியும். மருந்தடித்த இலை தோளிலும் முழங்கையிலும் உரசும். இரண்டுக்கும் சேர்த்து அவர்களே கண்ட வழிதான் அந்தச் சட்டை. தலைக்கு ஒரு துண்டு. விடியுமுன் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களும் இப்படித்தான் போகிறார்கள். எந்த ஊர்க்கூட்டமும் தீர்மானம் போட்டு இதைச் சொல்லவில்லை. எந்தச் சாமியாரும் உபதேசிக்கவில்லை.

அதே பெண்கள் வீட்டில் இருக்கும்போது நைட்டி. வாசலைத் தாண்டித் தெருக்குழாய்க்கோ, பால் வாங்கவோ, ரேஷன் கடைக்கோ போகும்போது நைட்டிக்கு மேலே மார்பை மறைத்து ஒரு துண்டு. கம்பத்துக்கு பஸ் ஏறுவதென்றால் சேலை அல்லது சுடிதார். வீடு, தெரு, ஊருக்கு வெளியே என்று மூன்று இடம், மூன்று உடை. இந்த ஒழுங்கைத் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். ஒருத்தி துண்டில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி, “ஏத்தா, துண்டெ எடுத்துப் போட்டுக்க” என்பாள். அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் தண்டனை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ இதே மூன்று இடங்களை வைத்து, இதே கேள்வியை, யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் விவாதித்திருக்கிறார்கள். பெண்களின் உடையைப் பற்றி நம் நீதிமன்றங்களும் ஊர்ப் பெரியவர்களும் ஆலய நிர்வாகங்களும் இன்று பேசுகிற பேச்சைவிட அந்த விவாதம் பல இடங்களில் தெளிவாக இருக்கிறது.

யூதர்களின் வாய்மொழிச் சட்டங்கள் கி.பி. 200-ஐ ஒட்டி ‘மிஷ்னா’ என்ற தொகுப்பாயின. அதன் திருமணப் பகுதி இரண்டு வகைக் கட்டுப்பாடுகளைப் பிரித்துச் சொல்கிறது. ஒன்று மோசேயின் சட்டம், அதாவது வேதத்திலிருந்து வருவது. மற்றொன்று யூதப் பெண்களின் வழக்கம். தலையை மூடாமல் வெளியே போவதும், சந்தையில் உட்கார்ந்து நூல் நூற்பதும் இந்த இரண்டாவது பட்டியலில் வருகின்றன. பின்னால் வந்த பாபிலோனியத் தால்மூத் என்ற விளக்கத் தொகுப்பு இதைத் தோண்டுகிறது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் குருவானவர் ஒரு பெண்ணின் தலைமுடியை அவிழ்க்கும் இடத்தைக் காட்டி, தலையை மூடுவது வேதத்திலேயே இருக்கிறதே, அதை எப்படி வழக்கம் என்று சொல்லலாம் என்று கேட்கிறது. பதிலாக வருவது ஒரு கூடை. வேதத்தின் அளவில் பார்த்தால் தலையில் ஒரு கூடை இருந்தாலே போதும், மூடியதாகிவிடும். ஆனால் யூதப் பெண்களின் வழக்கப்படி அது போதாது.

சும்மாடு சுற்றிக் கூடை சுமந்த பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூடை உடனே கண்ணில் தெரிகிறது. விவாதம் அங்கே நிற்கவில்லை. எந்த இடத்தில் போதாது என்று அடுத்த கேள்வி வருகிறது. சந்தையிலா? அப்படியென்றால் சரி. வீட்டு முற்றத்திலுமா? முற்றத்திலும் தலைமூடலைக் கட்டாயமாக்கினால் கணவனோடு வாழத் தகுதியுள்ள ஒரு பெண்கூட மிஞ்சமாட்டாள் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கடைசியில், ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்குச் சந்து வழியாகப் போகும்போது கூடை போதும் என்று ஒரு முடிவு வருகிறது. முற்றம், சந்து, சந்தை. சுருளிப்பட்டியின் வீடு, தெரு, பஸ். அங்கே கூடைக்கு இருந்த இடத்தில் இங்கே துண்டு இருக்கிறது.

இந்தப் பிரிவினையை நான் போற்றுவதற்குக் காரணம், அது நடப்பைச் சட்டத்துக்குள் அனுமதித்தது. பெண்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் விதி பேசப்பட்டது. சந்தையில் நூல் நூற்பது அடக்கமின்மை என்று ஒரு காலத்தில் எழுதிவைத்தார்கள். அந்த வழக்கம் செத்ததும் அந்தக் குற்றமும் செத்தது. நம் ஊரில் விடுதலைப் போராட்ட காலத்தில் ராட்டையோடு பொது இடத்தில் உட்கார்ந்து நூற்ற பெண்களை நாடே கையெடுத்துக் கும்பிட்டது.

இடத்துக்கு இடம் உடை மாறும் என்பதையும் மிஷ்னா மறைக்கவில்லை. ஓய்வு நாளில் எதை அணிந்து வெளியே போகலாம் என்று சொல்லும் இடத்தில், அரேபியாவில் வாழும் யூதப் பெண்கள் முகத்திரையோடு போகலாம், மேதிய நாட்டுப் பெண்கள் தோளில் முடிந்த போர்வையோடு போகலாம் என்கிறது. யாரும் அப்படிப் போகலாம், அறிஞர்கள் அந்தந்த ஊரில் நடப்பதைச் சொன்னார்கள் என்று ஒரு விளக்கமும் சேர்க்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், உடல் முழுவதும் போர்த்தும் துணியோடு பெண்கள் கடைவீதிக்குப் போவது வழக்கமாக உள்ள ஊரில், அந்தப் போர்வையை வாங்கித் தரவேண்டிய கடமை கணவனுடையது என்று எழுதினார். ஊர் வழக்கத்தின் சுமையை ஆணின் பணப்பை மீது அவர் ஏற்றியதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்கிறவர்கள் அதற்கான துணிக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்றைய பெலாரஸ் பகுதியில் வாழ்ந்த இஸ்ரேல் மெயிர் ககான் (1838–1933) கட்டுப்பாடான அறிஞர். பிரார்த்தனை சொல்லும் ஆணின் எதிரே பெண்ணின் உடலில் எது தெரியலாம் என்று அவர் விளக்குகிறார். முகமும் கையும் அந்தந்த ஊர் வழக்கப்படி. வெறுங்காலோடு நடப்பது வழக்கமாக உள்ள இடத்தில் முழங்கால் வரை தெரிவதும் தடையில்லை. நாற்று நடும் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நிற்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் அவருடைய புத்தகத்தில் அவளுக்கு இடம் இருந்திருக்கும். முடி விஷயத்தில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை. அதே பகுதியில், அதே காலத்தில் வாழ்ந்த யெகியேல் மிக்கேல் எப்ஸ்டைன் (1829–1908), மணமான பெண்கள் தலையைத் திறந்துகொண்டு நடப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, ஆனால் இதுவே இப்போது பரவிவிட்டதால் அவர்கள் எதிரே பிரார்த்தனை சொல்லத் தடையில்லை என்று தீர்ப்பும் எழுதினார். தனக்குப் பிடிக்காத நடப்பையும் நடப்பு என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அது.

இந்தச் சட்டம் நம் மலைக்கு அந்தப்புறமும் வாழ்ந்தது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு இன்றும் கொச்சியில் இருக்கிறது. அந்த யூதர்களின் வீட்டுப் பெண்கள் முண்டும் சட்டையும் அணிந்தார்கள், மலையாளத்தில் பாட்டுப் பாடினார்கள். கொங்கணத்தின் பெனே இஸ்ரேல் யூதப் பெண்கள் மராட்டியப் பெண்களைப் போலவே சேலை கட்டினார்கள். ஒரே மோசேயின் சட்டம்; கொச்சியில் முண்டு, கொங்கணத்தில் சேலை, போலந்தில் வேறு. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

யூதப் பெண்ணின் தலைமுடிக்கும் நம் பெண்களின் தலைமுடிக்கும் நேரடித் தொடர்பே ஒன்று உண்டு. மணமான யூதப் பெண் தன் முடியை மறைக்க வேண்டும். எதால் மறைப்பது என்பதில் கருத்து வேறுபாடு. லுபாவிச் என்ற யூதப் பிரிவின் குரு மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் (1902–1994) பொய்முடியே சிறந்தது என்றார். பாக்தாதில் பிறந்த ஓவதியா யோசேப் (1920–2013) பொய்முடி கூடாது, தலைத்துணியே வேண்டும் என்றார். பொய்முடி அணிகிறவர்களுக்குத் தேவையான நல்ல மனித முடியில் கணிசமான பங்கு இந்தியக் கோயில்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக விழும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. தேனிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழனி முடியிறக்கம் என்பது பிறப்பிலிருந்து தொடங்குவது. பெண்கள் பலர் பூமுடி மட்டும் கொடுப்பார்கள். பெரிய வேண்டுதல் இருந்தால் முழு மொட்டை.

2004 மே மாதத்தில் ஜெருசலேமின் மூத்த ரப்பி (யூத மதகுரு) யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் ஒரு தீர்ப்புச் சொன்னார். திருப்பதி முடி வேறொரு தெய்வத்துக்குப் படைக்கப்பட்டது, ஆகவே அதில் செய்த பொய்முடியை யூதப் பெண்கள் அணியக்கூடாது. தீர்ப்புக்கு முன் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருமலைக்கே வந்து முடியெடுப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். சில நாட்களுக்குள் நியூயார்க்கின் புரூக்லினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் தங்கள் பொய்முடிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒவ்வொன்றும் பல நூறு டாலர், சில ஆயிரத்துக்கும் மேல். எனக்கு இந்தச் சம்பவத்தில் இரண்டு பக்கத்துப் பெண்களும் தெரிகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று தன் தலைமுடியைத் தெய்வத்திடம் கொடுத்தவள் ஒருத்தி. தன் தெய்வத்தின் கட்டளையைக் காக்க அந்த முடியைத் தலையில் சுமந்தவள் இன்னொருத்தி. இருவரும் உண்மையாக நடந்துகொண்டார்கள். இழப்பும் இருவருடையது. முடிவெடுத்தது மட்டும் இருவரும் இல்லை.

வழக்கத்தை நான் இவ்வளவு உயர்த்திப் பேசும்போது நியாயமான ஒரு மறுப்பு வரும். வழக்கம் என்ற பெயரில்தானே பெண்களைக் காலங்காலமாக நசுக்கினார்கள்? ஆம். மிஷ்னாவின் அந்தப் பட்டியலே, எந்தப் பெண்ணை அவளுக்குச் சேரவேண்டிய திருமண ஈட்டுத் தொகையைக் கொடுக்காமல் விலக்கலாம் என்று சொல்லும் இடத்தில்தான் வருகிறது. நமக்கு இன்னும் பக்கத்தில் திருவிதாங்கூர் இருக்கிறது. சுருளி மலையைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர் சீமை. அந்தச் சீமையின் தெற்கே, இரணியல், கல்குளம் பகுதிகளில் நாடார் பெண்கள் தோளில் சீலை போடுவதே வழக்க மீறல் என்று சொல்லப்பட்டது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று 1813-இல், கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் உத்தரவு வந்தது. 1829-இல் அரச பிரகடனம் குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடுவதைத் தடுத்தது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-இல்தான் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா எல்லா நாடார் பெண்களும் மார்பை மூடலாம் என்று அறிவித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

மலைக்கு இந்தப்புறம் எங்கள் பாட்டிமாரும் ரவிக்கை போடாதவர்கள்தான். தண்டட்டி தொங்கும் காதும், பின்கொசுவம் வைத்த கண்டாங்கியும், மார்பை இறுக்கிப் போர்த்திய முந்தானையுமாக வயலில் நின்றார்கள். அவர்களை யாரும் அடக்கமற்றவர்கள் என்று சொன்னதில்லை. மலைக்கு இரண்டு பக்கமும் ரவிக்கை இல்லை. ஒரு பக்கம் அவர்களாக வாழ்ந்த வழக்கம். மறுபக்கம், மூடிக்கொள்ள விரும்பிய பெண்ணின் மீது பிறர் திணித்த தடை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது தவறு. உடுத்துகிறவர்களே தங்கள் வேலையையும் வெயிலையும் கூச்சத்தையும் பார்த்து உண்டாக்கி, அவர்களே மாற்றிக்கொள்ளக்கூடியதுதான் வழக்கம். மாற்ற முயன்றால் துணியைக் கிழிப்பேன் என்று ஒருவன் நின்றால் அது வழக்கமில்லை, அதிகாரம்.

இந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் தங்கள் வழக்கத்தை எத்தனை முறை மாற்றிக்கொண்டார்கள் என்று பாருங்கள். ரவிக்கை இல்லாத பாட்டிக்கு ரவிக்கை போட்ட மகள், அவளுக்குச் சுடிதார் போட்ட பேத்தி, அவளுக்கு லெக்கிங்ஸ் போட்ட கொள்ளுப்பேத்தி. சுடிதார் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன பெண்ணை ஒரு காலத்தில் ஊர் ஒரு மாதிரி பார்த்தது. 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு உடை உத்தரவு போட்டபோது சேலைக்குப் பக்கத்திலேயே துப்பட்டாவுடன் சுடிதாரும் இடம்பெற்றது. பெண்கள் முதலில் அணிந்தார்கள், அரசாணை பிறகு வந்தது. கம்பம், உத்தமபாளையம் தெருக்களில் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் சேலைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டி போர்த்திப் போனதை வயதானவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்புப் புர்கா. வெள்ளை போய்க் கறுப்பு வந்ததைப் பற்றி வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்கள் தாங்களாக மாற்றிக்கொண்டார்களா, மாற்றவைக்கப்பட்டார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும் இடம் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

ஆனால் நம் காலத்தில் நடப்பது வேறு. இஸ்ரேலின் பெய்ட் ஷெமேஷ் நகரில், பெண்கள் நீண்ட கையும் நீண்ட பாவாடையும் அணிந்துதான் இந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று பலகைகள் மாட்டப்பட்டன. 2011-இல் அங்கே பள்ளிக்குப் போன சிறுமியர் மீது ஆண்கள் எச்சில் துப்பினார்கள். அந்தச் சிறுமியரும் மரபு தவறாத யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். பலகைகளை அகற்றச் சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. கூடையைப் பற்றி அவ்வளவு நுட்பமாகப் பேசிய மரபின் வாரிசுகள் பலகையில் வந்து நின்றார்கள்.

நாமும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். 2018-இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி கிராமத்துப் பெரியவர்கள் பகலில் பெண்கள் நைட்டி அணியத் தடை விதித்தார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், கோயில் திருவிழாவில் ஆடல்-பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்த வழக்கில், கோயிலுக்கு யார் என்ன உடுத்தி வரலாம் என்று ஒரு நீதிபதி உத்தரவிட்டார். பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையுடன் சுடிதார். 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதே மாதம் இருநீதிபதி அமர்வு அதற்குத் தடை விதித்தது. கோயிலுக்கு எப்படிப் போக வேண்டும் என்பது எந்த உத்தரவும் இல்லாமலே நம் பெண்களுக்குத் தெரியும். சுருளி அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு சுருளி வேலப்பரைக் கும்பிடுகிறவளுக்கு அங்கே எது மரியாதை என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கல்வி நிலையங்களில் ஹிஜாப் அணிவது பற்றிய கர்நாடக வழக்கிலும் எனக்கு இதே வருத்தம். 2022 மார்ச் 15 தீர்ப்பில் உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத சமய நடைமுறையா என்ற கேள்வியை எடுத்து, இல்லை என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்புத் தந்தார்கள். நீதிபதி சுதான்ஷு துலியா, ஹிஜாப் அதை அணியும் பெண்ணின் தேர்வு சார்ந்தது என்று பார்த்தார். என் மனம் அவர் பக்கம். நூலில் இருக்கிறதா என்று கேட்டால், நூலில் இல்லாதது எல்லாம் மதிப்பற்றது என்றாகிவிடும். பெண்களின் அன்றாடப் பழக்கத்தில் பெரும்பகுதி எந்த நூலிலும் இல்லை. தோட்டத்துச் சட்டை எந்த நூலில் இருக்கிறது? நைட்டி மேல் துண்டு எந்த சாஸ்திரம்? அந்தப் பழைய யூத அறிஞர்கள் நூலைப் பார்த்துவிட்டு, நூலுக்கு வெளியே பெண்களின் வழக்கம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். நம் அரசியலமைப்புக்கு அது இயலாத காரியம் இல்லை.

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிகளுக்கும், ஆலய அறங்காவலர்களுக்கும், ஜமாத்துகளுக்கும், பங்குப் பேரவைகளுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். பெண்களின் உடையைப் பற்றி ஒரு பலகை மாட்டுவதற்கு முன், ஒரு விதி எழுதுவதற்கு முன், அந்தப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேளுங்கள். பந்தலில் கை தூக்கி வேலை செய்கிறவளையும், பஸ்ஸில் கம்பிபிடித்துக் கல்லூரிக்குப் போகிறவளையும், துப்பட்டி போர்த்திய வீட்டிலிருந்து வருகிறவளையும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பலகையை மாட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இறக்கிவிடுங்கள்.